சைகோன் அலமாரியும் பண்ருட்டிப் பெட்டியும் ஒரே கூடத்தில்: என்ன நிறம் அடிக்கலாம்?

முத்தியால்பேட்டை மருமகள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் மாமனார் வீடு. வாசலை ஒட்டி கூடம், நடுவில் சின்ன முற்றம், அதற்குப் பின்னால் சமையலறை. மேலே இருக்கும் இரண்டு அறைகள் பிற்பாடு கட்டியவை. கூடத்துக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரங்கள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. தரை சிவப்பு ஆக்சைடு, பல தலைமுறை நடந்து மெருகேறியது. வெளிச்சம் முற்றத்திலிருந்தும் கிழக்குப் பார்த்த ஒரே ஜன்னலிலிருந்தும்தான். மத்தியானத்துக்குப் பிறகு கூடம் மங்கிவிடும்.

பொங்கலுக்குள் வீடு முழுக்க பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. பிரச்சினை சாமான்களில் ஆரம்பிக்கிறது. என் கணவரின் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா போய்விட்டு வந்தவர். சைகோனிலிருந்து கப்பலில் ஒரு அலமாரி கொண்டுவந்தார். கறுப்பு அரக்குப் பூச்சு, அதில் முத்துச்சிப்பி பதித்துக் கொக்கும் மூங்கிலும் படகுகளும். பக்கத்தில் என் ஆச்சி கொடுத்த பண்ருட்டி பலாமரப் பெட்டி, பித்தளைப் பூண் போட்டது. எங்கள் அம்மா கல்யாணத்துக்குத் தந்த தஞ்சாவூர் ஓவியம், வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணன். மாமியார் வீட்டுப் பழைய ரவிவர்மா அச்சுப்படங்கள். இவற்றோடு நானாகச் சேர்த்தவையும் இருக்கின்றன: வில்லியனூர் சுடுமண் குதிரைகள், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகள், இந்த ஊர் மட்பாண்டக்காரர்கள் செய்த நீலப்பச்சைக் கிண்ணங்கள். ஒரு பிரம்பு சோபா. ஒரு ஊஞ்சல்.

உள் அலங்காரம் செய்பவர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். சுவர் முழுக்க வெளிர் சாம்பல் அடிக்கலாம், அலமாரியை மாடிக்கு ஏற்றிவிடலாம், படங்களில் ஒன்று மட்டும் இருக்கட்டும் என்றார். கம்ப்யூட்டரில் கூடத்தை வரைந்து காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது யார் வீட்டுக் கூடமாகவும் இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பாரிஸில் இருக்கும் நாத்தனார் போன தடவை வந்தபோது ஒரு பெரிய புத்தகம் கொடுத்தார். துணிச்சலான நிறங்களும் பல நாட்டுச் சாமான்களும் கலந்த வீடுகளின் படங்கள் மட்டும் நிறைந்த புத்தகம். கரும்பச்சைச் சுவரில் கூரை வரைக்கும் படங்கள், சீன ஜாடிக்குப் பக்கத்தில் சிறுத்தைத்தோல் அச்சுப் போட்ட நாற்காலி, கோடு போட்ட திரையும் பூப்போட்ட கம்பளமும் ஒரே அறையில். தினமும் ராத்திரி அதைப் புரட்டுகிறேன். வீட்டில் இருப்பதை ஒளித்துவைக்காமல் முழுசாக வெளியே வைத்து வாழ முடியும் என்று அந்தப் பக்கங்கள் சொல்கின்றன. ஆனால் அந்த அறைகள் பெரியவை, ஜன்னல்கள் உயரமானவை, அங்கே வெயில் வேறு. எங்கள் கூடத்தில் அதைச் செய்தால் அழகாக நிற்குமா, பழைய சாமான் கடை போல ஆகிவிடுமா என்பதுதான் பயம்.

சுவருக்கு என்ன நிறம்? இத்தனை விதச் சாமான்களை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது? இதைப் படித்துக் கற்றுக்கொள்ள நல்ல புத்தகம் எது? இன்னொன்று, தெருப்பக்கச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. அதற்கு என்ன வழி? மாமியார் கிரீம் கலர் அடி, எதற்கு வம்பு என்கிறார். அவரும் ஏற்கும்படி ஒரு வழி இருந்தால் சந்தோஷப்படுவேன்.

தேவனாம்பட்டினம் கடற்கரை

அக்கா, செய்யுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே யோசித்துவிடுங்கள். நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். காற்றில் வரும் உப்பும் தூசும் சேர்ந்து எல்லாவற்றின் மேலும் பிசுபிசுவென்று படியும். பித்தளை கறுக்கும், கண்ணாடிக்குப் பின்னால் படத்தில் பூஞ்சை வரும். புத்தகப் படத்தில் இருக்கும் வீடுகளைத் துடைக்க ஆள் இருப்பார்கள். உங்கள் வீட்டில் நீங்கள்தான்.

அதனால் சின்னப் பொம்மைகளைத் திறந்த தட்டுகளில் பரப்ப வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அலமாரியில் நெருக்கமாக அடுக்குங்கள். நெருக்கமாக இருந்தால் அழகு கூடுகிறது, வேலை குறைகிறது. பெரிய சாமான்களை மட்டும் வெளியே விடுங்கள். கையால் தூக்கி அடியில் பெருக்க முடியாத எதையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கரையான் வந்தால் தெரியாது.

மஞ்சக்குப்பம் ஓவிய ஆசிரியர்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்து ரொம்ப சந்தோஷமாக இருந்தது. கடலூரில் அரசுப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நிறம் என்றால் பேச்சை நிறுத்த மாட்டேன், நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பல ஊர்ச் சாமான்கள் ஒரே வீட்டில் வாழ்வது நமக்குப் புதிது கிடையாது. உங்கள் ஊரிலேயே ரங்கப்பிள்ளை வீதிக்குப் போய் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைப் பாருங்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்தவர், 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அவர் வீட்டில் கீழ்த்தளம் நம்மூர் மரத்தூண்களோடு தமிழ் வீடு, மேல்தளம் வெள்ளைத் தூண்களோடு பிரெஞ்சு வீடு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கிறார்கள். வைசியாள் வீதியில் நடந்தாலும் இதே கதைதான்: கீழே திண்ணையும் தாழ்வாரமும், மேலே வளைவு ஜன்னல்களும் பிரெஞ்சுப் பாணித் தூண்வேலையும். செட்டிநாட்டுப் பக்கம் போனால் இன்னும் துணிச்சல். பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பானிலிருந்து வந்த பூப்போட்ட ஓடுகள், அத்தனைக்கும் கீழே ஆத்தங்குடிக் கல். எஸ். முத்தையா, மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி ராமசாமி மூவரும் சேர்ந்து 2000-இல் கொண்டுவந்த 'தி செட்டியார் ஹெரிட்டேஜ்' புத்தகம் கிடைத்தால் பாருங்கள். பாரிஸ் புத்தகத்தை விட அது உங்கள் கூடத்துக்குக் கிட்டே நிற்கும்.

இத்தனை கலந்தும் அந்த வீடுகள் ஏன் கடை மாதிரி தெரிவதில்லை? நவராத்திரிக் கொலுவை நினைத்துப் பாருங்கள். வண்டிப்பாளையத்து தசாவதார செட்டுக்குப் பக்கத்தில் மரப்பாச்சி, அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கிரிக்கெட் வீரர்கள், கீழே செட்டியார் கடை, பார்க், குளம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனாலும் பார்க்கிறவர் கண் தடுமாறுவதில்லை, காரணம் எல்லாப் படியிலும் ஒரே வெள்ளை வேட்டி விரித்திருக்கிறது. அடியில் ஓடும் ஒன்று மாறாமல் இருந்தால் மேலே எத்தனை மாறினாலும் நிற்கும். உங்கள் கூடத்துக்கு அந்த வேட்டி அந்தச் சிவப்புத் தரைதான். அதை டைல்ஸ் போட்டு மூடலாம் என்று யார் வந்து சொன்னாலும் கேட்காதீர்கள். அதைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது.

இனிமேல் அந்தப் பெரிய புத்தகத்தைப் புரட்டும்போது சாமான்களைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். தரை என்ன, கூரை என்ன, கதவு நிலையும் சுவரின் ஓரமும் என்ன நிறம், அதைக் கவனியுங்கள். நூறு பொருள் குவிந்த அறையிலும் அடியில் இரண்டு மூன்று நிறங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். படம் எடுக்கிறவர் சாமானைக் காட்டுகிறார், அறையைத் தாங்குவது அந்த அடிநிறம்.

புத்தகம் கேட்டீர்கள். எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்.

லண்டன்காரர் ஓவன் ஜோன்ஸ் 1856-இல் வெளியிட்ட 'தி கிராமர் ஆஃப் ஆர்னமென்ட்'. நூறு வண்ணப் பலகைகள், அதாவது முழுப்பக்க வண்ணப் படங்கள், கொண்ட பெரிய நூல். உலகத்தின் பல நாட்டு அலங்காரங்களையும் தொகுத்தார், அதில் இந்தியாவுக்குத் தனி அத்தியாயம் உண்டு. 1851-இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சியில் நம் நெசவையும் உலோக வேலையையும் பார்த்து அசந்துபோனவர் அவர். அந்தக் கண்காட்சி நடந்த இரும்பும் கண்ணாடியுமான கட்டடத்துக்கு உள்ளே நிறம் தீட்டும் பொறுப்பும் அவருடையது. நீலம், மஞ்சள், சிவப்பு அடிக்கப்போகிறேன் என்றதும் முன்கூட்டியே பலர் கண்டித்தார்கள். அடித்து முடித்துத் திறந்த பிறகு பாராட்டினார்கள். உங்கள் மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லலாம். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்ட நூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் படிக்கச் சிரமம் என்றால் பலகைகளை மட்டும் பார்த்தாலே போதும்.

அதன் தொடக்கத்தில் 37 விதிகள் வைத்திருக்கிறார். என் வகுப்பில் நான் விடாமல் சொல்லிக்கொடுத்தவை அதில் இருக்கின்றன. ஒன்று: பளிச்சென்ற முதன்மை நிறங்களைச் சின்னச் சின்ன இடத்தில் வை, பெரிய பரப்புக்குக் கலவை நிறங்களை வை. இன்னொன்று: ஒரு நிறத்தின் மேல் அதற்கு எதிரான நிறத்தில் அலங்காரம் வந்தால் நடுவில் வெளிறிய ஓரக்கோடு போடு. தங்கத்தின் மேல் வந்தால் இருண்ட ஓரக்கோடு போடு. உங்கள் அம்மா தந்த தஞ்சாவூர் ஓவியத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். தங்கத் தகடு ஒட்டிய இடத்தை ஒட்டிக் கிருஷ்ணன் மேனியைச் சுற்றி இருண்ட கோடு ஓடும். நம் சித்திரக்காரர்கள் லண்டன் புத்தகம் பார்த்தா வரைந்தார்கள்? கண் பழகிக் கண்டுபிடித்தது. பட்டுப்புடவைக் கரையில் உடலுக்கும் ஜரிகைக்கும் நடுவே ஓடும் மெல்லிய இழையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டாவது, அமெரிக்காவில் டோரதி டிரேப்பர் 1939-இல் எழுதிய 'டெகரேட்டிங் இஸ் ஃபன்'. 1925-லேயே நியூயார்க்கில் சொந்தமாக அலங்கார நிறுவனம் தொடங்கிய பெண்மணி. பெரிய பெரிய ரோஜாப் பூத்துணி, அகலக் கோடுகள், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, இவையெல்லாம் அவர் கைரேகை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மேற்கு வர்ஜீனியாவில் கிரீன்பிரையர் ஓட்டலை அவர் அலங்கரித்தார், அதன் படங்களைத் தேடிப் பாருங்கள். எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்தது, அவர் மாளிகைக்காரர்களுக்காக எழுதவில்லை. வீட்டுப் பெண்களைப் பார்த்து, நிறத்துக்குப் பயப்படாதே, உன் ரசனையை நம்பு என்று தைரியம் கொடுக்கிறார்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி. கரும்பச்சைச் சுவர் அந்த நாட்டு மங்கிய குளிர் வெளிச்சத்தில் ஒரு மாதிரி தெரியும். உங்கள் கூடத்தில் காலையில் கிழக்கு ஜன்னல், மத்தியானம் முற்றத்தின் உச்சி வெயில், அப்புறம் இருட்டு. அதிலும் சிவப்புத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பை ஏற்றும். வெள்ளை அடித்தாலும் அங்கே இளஞ்சிவப்பாகத்தான் தெரியும், அந்த நிபுணர் சொன்ன வெளிர் சாம்பல் ஊதாவாகத் திரியும். கம்ப்யூட்டர் படத்தில் இது வராது. வெயில் நாட்டில் நிறம் எப்படி வாழும் என்று பார்க்க மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகான் கட்டிய வீடுகளைப் பாருங்கள். 1948-இல் மெக்சிகோ நகரத்தில் தனக்காக அவர் கட்டிக்கொண்ட வீடு 2004-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. இளஞ்சிவப்பும் மஞ்சளும் சுவர் சுவராக நிற்கும். வெயில் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்து நிறம் வைத்தவர் அவர்.

நான் உங்கள் கூடத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். சுவர் முழுக்க மஞ்சள் காவி. பளிச் மஞ்சள் வேண்டாம், மண் கலந்த காவி. சிவப்புத் தரையின் தெறிப்பு அதில் பட்டால் இன்னும் சூடாகத்தான் தெரியும், கெடாது. மாமியார் கேட்கும் கிரீமுக்கு அது அக்கா முறை என்று சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார். கறுப்பு அலமாரி அந்தச் சுவரில் நின்றால் முத்துச்சிப்பி ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். அதைத் தயவுசெய்து மாடிக்கு அனுப்பாதீர்கள், அந்தக் கூடத்தின் தலைவர் அதுதான். பலாப்பெட்டியை அதற்கு நேர் எதிரே போடுங்கள், பக்கத்தில் போட வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும்.

தஞ்சாவூர் ஓவியத்தைக் காவிச் சுவரில் மாட்டினால் தங்கம் கரைந்துபோகும். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒன்றில் மட்டும் கருநீலமோ கரும்பச்சையோ ஆழமாக அடித்து, அங்கே அதை மாட்டுங்கள். சுற்றிலும் ரவிவர்மா படங்களை நெருக்கமாக. 1894-இல் ரவிவர்மா அச்சகம் வைத்த பிறகு அந்தப் படங்கள் ஊர் ஊராகப் போய் ஏழை வீட்டுச் சுவரிலும் ஏறின. கூட்டமாக மாட்டித்தான் அவற்றுக்குப் பழக்கம். சட்டங்களை எல்லாம் ஒரே மாதிரி மாற்றிவிடாதீர்கள், பழைய சட்டம் அப்படியே இருக்கட்டும். படங்களுக்கு நடுவில் விடும் இடைவெளி மட்டும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கட்டும்.

நீலப்பச்சைக் கிண்ணங்களின் நிறத்தை எடுத்து மாடப்பிறைகளின் உட்புறத்துக்கும் ஊஞ்சல் மெத்தைக்கும் கொடுங்கள். அதே நிறம் மூன்று இடத்தில் வந்துவிட்டால் கண் தானாகக் கோத்துக்கொள்ளும்.

கட்டட மேஸ்திரி மகன், அரியாங்குப்பம்

சார் சொன்னது அருமை. நான் சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அப்பா காலத்திலிருந்து பழைய வீடுகளில் வேலை செய்கிறோம்.

அக்கா, உங்கள் தெருப்பக்கச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். கீழேயிருந்து ஓதம் ஏறும், அது வெளியே ஆவியாகப் போக வேண்டும். மேலே பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் வழி அடைபடும். உள்ளே தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி பெயிண்டைத் தள்ளும். நீங்கள் பார்க்கும் செதில் அதுதான். அதன் மேல் மறுபடி பட்டியும் பெயிண்டும் அடித்தால் மறுபடி உரியும். சிமெண்ட் பூச்சும் போட வேண்டாம், ஓதம் இன்னும் மேலே ஏறும்.

செய்ய வேண்டியது: பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விழுந்ததை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். காரை பெயர்ந்த இடத்தில் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். அப்புறம் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, காவிப்பொடி கலந்து அடிக்கலாம். சுவரை லேசாக நனைத்துவிட்டுத் தண்ணியாக மூன்று கை அடிக்க வேண்டும், ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகு அடுத்தது. கையில் ஒட்டாமலிருக்க வஜ்ஜிரப் பசை கொஞ்சம் கரைத்து ஊற்றுவோம், அளவு மிஞ்சக் கூடாது. ஈரத்தில் கருப்பாகத் தெரியும், காய்ந்ததும் நன்றாக வெளுக்கும். அதனால் முதலில் ஒரு மூலையில் அடித்து, காய்ந்த நிறத்தைப் பார்த்துத்தான் கலவை முடிவு செய்ய வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கலக்கும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சுண்ணாம்பில் எல்லா நிறமும் நிற்காது. சிவப்புக் காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆக்சைடு, அல்ட்ராமெரின் நீலம் நிற்கும். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் கெட்டுப்போகும். சார் கேட்ட கருநீலம், கரும்பச்சை மாதிரி ஆழமான நிறம் சுண்ணாம்பில் வராது, பொடி அதிகமானால் கையோடு வரும். அந்த ஒரு சுவர் உள்சுவர் என்பதால் காய்ந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டு அங்கே மட்டும் பெயிண்ட் அடிக்கலாம். சோதனை எளிது: பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர் முத்துப் பூத்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது, அடிக்கக் கூடாது.

தஞ்சாவூர் படம் பலாப் பலகையில் துணி ஒட்டிச் செய்திருப்பார்கள். அதற்குப் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து விலக்கி மாட்டுங்கள், காற்றுப் போகட்டும்.

பொங்கலுக்கு அவசரப்படாதீர்கள் அக்கா. ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த சுவர் மார்கழியில் காயாது. மாசியில் ஆரம்பித்தால் நன்றாக வரும்.

வாடகை வீட்டுக்காரி, லாஸ்பேட்டை

நான் கட்டடக் கலை படிக்கிறேன். ஆசிரியர் சொன்ன பட்டியலோடு இரண்டு பேரைச் சேர்க்கிறேன்.

இங்கிலாந்தில் சசெக்ஸ் கிராமத்தில் சார்ல்ஸ்டன் என்று ஒரு பண்ணை வீடு. 1916-இல் வனேசா பெல், டங்கன் கிராண்ட் என்ற ஓவியர்கள் வாடகைக்குக் குடிபோனார்கள். கதவு, மேசை, கணப்பு, புத்தக அலமாரி என்று கைக்கு எட்டியதன் மேலெல்லாம் வரைந்தார்கள். விலையுயர்ந்த சாமான் எதுவும் வாங்கவில்லை, இருந்ததையே தீட்டினார்கள். வனேசாவின் மகன் க்வென்டின் பெல்லும் பேத்தி வர்ஜீனியா நிக்கல்சனும் அந்த வீட்டைப் பற்றி 1997-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். அந்த வீட்டிலேயே வளர்ந்தவர் சொல்வதால் எந்த அறையில் யார் எதற்கு உட்கார்ந்தார்கள் என்பது வரைக்கும் தெரிகிறது. அலங்காரப் புத்தகங்களில் பெரும்பாலும் ஆட்களே இருக்க மாட்டார்கள். இதில் இருக்கிறார்கள், அதனால் எனக்கு இது உசத்தி.

இன்னொருவர் யோசெஃப் ஃப்ராங்க். வியன்னாவிலிருந்து ஸ்வீடனுக்குப் போய் அங்கே துணிகளில் பெரிய பெரிய பூக்களும் பறவைகளும் வரைந்தவர். நம் சுற்றுப்புறம் தற்செயலாக அமைந்தது போல இருக்க வேண்டும் என்று 1958-இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே செட்டாக வாங்கியதாகத் தெரியக் கூடாது என்பது அவர் கட்சி. சைகோனும் பண்ருட்டியும் உங்கள் வீட்டில் சந்தித்தது கல்யாணத்தால். அதைத் திட்டமிட்டு யாராலும் வாங்க முடியாது. அதனால் அலமாரிக்குப் பொருத்தமாக வேண்டும் என்று புதிதாக எதையும் வாங்காதீர்கள் அக்கா.

பழைய மர நாற்காலி ஏதாவது தேவைப்பட்டால் ஆரோவில் போகிற வழியில் இருக்கும் பழைய மரச்சாமான் கடைகளைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து அறை எப்படி இருந்தது என்று பார்க்க அருங்காட்சியகத்தில் அந்தக் கால மேசை நாற்காலிகள் இருக்கின்றன. மாமியாரையும் அழைத்துப் போங்கள்.

முத்தியால்பேட்டை மருமகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா, நீங்கள் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கொலு வேட்டி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சின்ன வயதில் பிறந்த வீட்டுக் கூடம் மஞ்சள் காவிதான் என்று அப்போதுதான் சொன்னார். கீழே அரை அடிக்குச் சிவப்புக் காவிப் பட்டை ஓடுமாம், தரை கழுவும்போது தெறித்தால் தெரியாமலிருக்க. அந்தப் பட்டையையும் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன், சரியா?

பாலிதீன் சோதனை செய்துவிட்டோம். உள்சுவர் காய்ந்திருக்கிறது. தெருப்பக்கச் சுவரில் நீர் முத்து முத்தாக நின்றது. வேலையை மாசிக்குத் தள்ளிவைக்க என் கணவரும் சம்மதித்துவிட்டார். பொங்கலுக்கு வாசலை மட்டும் வெள்ளையடித்துக் கோலம் போட்டுவிடுவோம். அலமாரி கூடத்திலேயே இருக்கும், அதில் இனிப் பேச்சில்லை.

உள்சுவருக்குக் கருநீலமா கரும்பச்சையா என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எனக்குப் பச்சை, கணவருக்கு நீலம். கதவு நிலைகளில் பழைய எனாமல் கனமாகப் படிந்து கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு மரத்தை அப்படியே விடலாமா, நிறம் அடிக்கலாமா?

மஞ்சக்குப்பம் ஓவிய ஆசிரியர்

சிவப்புப் பட்டை அவசியம் வையுங்கள். தரையின் நிறம் சுவரில் கொஞ்சம் ஏறி நின்றால் கூடம் அகலமாகத் தெரியும். பட்டைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று ஓடட்டும்.

நீலமா பச்சையா என்பதை வாதாடி முடிவு செய்யாதீர்கள். ஒரு முழ அகல அட்டை இரண்டில் இரண்டு நிறத்தையும் அடித்து, தஞ்சாவூர் படத்துக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள். காலை, மத்தியானம், ராத்திரி விளக்கு வெளிச்சம், மூன்று வேளையும் பாருங்கள். ராத்திரியில்தான் குடும்பமே கூடத்தில் உட்காரும், அதனால் விளக்கில் எது நன்றாக இருக்கிறதோ அதற்கே என் ஓட்டு. வெள்ளை எல்இடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பைப் போட்டுப் பாருங்கள். நீலம் மஞ்சள் விளக்கில் கறுத்துப்போக வாய்ப்பு அதிகம், பச்சை தாங்கும்.

கட்டட மேஸ்திரி மகன், அரியாங்குப்பம்

கதவு நிலையை ஹீட் கன் வைத்து உரிக்கலாம், ஆனால் பழைய எனாமலில் ஈயம் இருக்கும். காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும், ஹீட் கன்னையும் அதிகச் சூட்டில் வைத்தால் புகை வரும். பெயிண்ட் ரிமூவர் பூசி, ஊறவிட்டு, தகட்டால் வழித்து எடுக்கச் சொல்லுங்கள். முகமூடி கட்டாயம். வழித்ததைப் பேப்பரில் அள்ளிக் கட்டிவிட வேண்டும், முற்றத்தில் விடக் கூடாது.

உரித்த பிறகு உள்ளே தேக்கு தெரிந்தால் ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்த்து விடலாம், பூச்சு வேண்டாம். வேப்பமரமோ வேறு மரமோ ஒட்டுப்போட்டிருந்தால் சார் சொன்ன அந்த நீலப்பச்சையை எனாமலில் அடித்துவிடுங்கள். ஒரு நிலையின் கீழ் மூலையில் மட்டும் முதலில் வழித்துப் பாருங்கள் அக்கா, என்ன மரம் என்று தெரிந்ததும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.